ஊர்ப்பெயரும் எழுத்துக் குறியீடும்

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பது பழமொழி. வழியில் எதிர்ப்படுவோரை விசாரித்தே மக்கள் நெடுந்தொலைவு சென்று சேர்ந்த காலத்தில் பிறந்த மொழி அது. இக்காலத்தில் அவ்விசாரணையைப் பெரும்பாலும் கணினி வரைபடத்திடமே நிகழ்த்துகிறோம். ஊரின் பெயரை எழுதிக் கொடுக்கிறோம். அஃது இருக்கும் இடத்தை வரைபடம் காட்டுகிறது. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அருள்புரம் என்னும் ஊர் இருக்கிறது. பின்னலாடைத் தொழிலும் சாயத் தொழிலும் பெருகிய வட்டாரம் அது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்பு நாடி அங்கு வருபவர் உளர்; நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியோட்டிகள் உளர்; நோயாளியை ஏற்றிச் செல்ல விரையும் ஊர்தியினர் உளர். இவர்கள் எல்லோருக்கும் ஊரின் பெயரே வழிகாட்டி.

அருள்புரம் என்று எழுதித் தேடும்போது, அப்படி ஓர் ஊர் இல்லை என்று கணினி விடை கூறினால் என்ன செய்வது? ஊர் இருக்கிறது, வரைபடத்தில் அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் தேடல் தோற்கிறது. எழுத்துகளை எண்களாக மாற்றும் முறையில் நேரும் பொருத்தமின்மை இத்தகைய தோல்விக்கு ஒரு முக்கியமான காரணம். அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு நீக்குவது என்பதை இன்று ஆராய்வோம்.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். தந்தி நிலையத்தை எண்ணிப் பாருங்கள். அனுப்புபவர் ஒவ்வோர் எழுத்தையும் குறுந்தட்டும் நெடுந்தட்டுமாக மாற்றி அனுப்பினார். பெறுபவர் அதே குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் செய்தி விளங்கும். அவரிடம் வேறொரு புத்தகம் இருக்குமானால் தட்டுகளில் ஒன்றும் தவறாமல் வந்து சேர்ந்தும் செய்தி மட்டும் சிதைந்துவிடும். கணினியிலும் இதுவே நிகழ்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்த ஏற்பாட்டையே குறியீட்டு முறை என்கிறோம்.

அருள்புரம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணப்படி அதில் எழுத்துகள் ஆறு: அ, ரு, ள், பு, ர, ம். இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 எண்ணிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அம்முறையில் ‘அ’ என்பதற்கு 2949 என்னும் ஒரே எண் போதும். ‘ரு’ என்பதற்கோ ரகரத்துக்கு ஓர் எண், உகரக் குறிக்கு ஓர் எண் என இரண்டு வேண்டும். புள்ளி பெற்ற மெய்க்கும் அவ்வாறே. ஆகவே ஆறெழுத்துப் பெயர் பத்து எண்களாகிறது. இந்தப் பத்து எண்களைக் கோப்பில் எழுதிவைப்பதற்கு யூ.டி.எஃப்-8 என்னும் முறை பெரிதும் வழங்குகிறது. 1992-ஆம் ஆண்டில் கென் தாம்சன், ராப் பைக் என்னும் அறிஞர் இருவர் அமைத்த முறை அது. அதில் ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். எனவே அருள்புரம் என்பது எழுத்தில் 6, குறியெண்ணில் 10, பைட்டில் 30. இம்மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயை இனங்காண்பதற்கு இவை பெரிதும் உதவும்.

இனி, தமிழுக்கு இத்தொல்லை மிகுதியாக நேர்வதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. குறிப்புப் புத்தகம் ஒன்றாக இராமல் பலவாக இருந்தமையே அது. இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுத்த இஸ்கி முறை 1991-இல் இந்தியத் தரமாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடு தன் தமிழ்ப் பகுதியை இஸ்கியின் முந்திய வடிவத்தைத் தழுவியே அமைத்துக்கொண்டது. 1990-களின் பிற்பகுதியில், இணையத்தின் வழியே கூடிய பல நாட்டுத் தமிழர் டிஸ்கி என்னும் முறையை உருவாக்கினர். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு முறைகளை ஏற்றது. இவற்றுக்குப் புறம்பாக, பாமினி போன்ற எழுத்துருக்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் தமக்கெனத் தனி ஏற்பாட்டுடன் பரவின. 2010 சூன் மாதத்தில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில், யூனிகோடும் டேஸ்-16 என்னும் முறையுமே இனித் தரம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. ஆணை ஒரு நாளில் பிறந்துவிடும். பழைய கோப்புகள் ஒரு நாளில் மாறிவிடா. அதற்கு முன்பு தட்டெழுதிய ஊர்ப்பட்டியல்கள் இன்றும் ஆங்காங்கே புழங்குகின்றன. அவற்றைப் புதிய வரைபடத்தோடு இணைக்கும்போதுதான் சிக்கல் எழுகின்றது.

தேடல் தோற்கும் விதங்களை நான்காக வகுத்துக் காண்போம்.

முதலாவது, எண்கள் சரியாக இருந்தும் புத்தகம் தவறாகப் போவது. வரைபடத் தரவுகளைப் பரிமாறிக்கொள்ளப் பல ஆண்டுகளாக வழங்கிவரும் கோப்பு வகை ஷேப்ஃபைல் எனப்படும். அது தனிக் கோப்பன்று. பல கோப்புகளின் தொகுதி. நிலத்தின் வடிவம் ஒன்றில் இருக்கும்; ஊர்ப்பெயர் முதலிய விவரங்கள் டி.பி.எஃப். என்னும் மற்றொன்றில் இருக்கும். அவ்விவரங்கள் எந்தக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டவை என்பதைச் சி.பி.ஜி. என்னும் மிகச் சிறிய கோப்பு ஒரு சொல்லில் அறிவிக்கும். ஒருவர் மற்றவருக்கு அனுப்பும்போது இச்சிறிய கோப்பு விடுபட்டுவிடுவது உண்டு. அப்போது பெறுகின்ற மென்பொருள், ஐரோப்பிய மொழிகளுக்குரிய லத்தீன் முறைதான் இது என்று கருதிக்கொண்டு படித்துவிடக்கூடும்.

அவ்வாறு படிக்கும்போது திரையில் தோன்றும் காட்சியே நோயின் பெயரைச் சொல்லிவிடும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224 என்னும் பைட்டில் தொடங்கும். அடுத்த பைட்டு 174 அல்லது 175. லத்தீன் முறையில் 224 என்பது தலைமேல் சாய்கோடு இட்ட ரோமச் சிற்றெழுத்து. 174 என்பது வணிகப் பெயர்களின் அருகில் வட்டத்துக்குள் காணப்படும் பதிவுக்குறி. ஆகவே அச்சாய்கோட்டு எழுத்து மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருமானால் அச்சம் வேண்டா. தமிழ் அழியவில்லை, முப்பது பைட்டுகளும் பழுதின்றி இருக்கின்றன, தவறான புத்தகத்தைக் கொண்டு படிக்கிறோம் என்பதே பொருள். கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற மென்பொருளில் அப்படலத்தின் குறியீட்டு முறையை யூ.டி.எஃப்-8 என்று மாற்றிய உடனே பெயர்கள் தமிழாக ஒளிரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. சிதைந்த தோற்றத்தைக் கண்டவுடன் கோப்பைச் சேமித்துவிடலாகாது. சேமித்தால், லத்தீன் எழுத்துகளாகத் தோன்றும் அந்த முப்பதும் உண்மையான லத்தீன் எழுத்துகளாகவே கருதப்பட்டு மீண்டும் யூ.டி.எஃப்-8 முறையில் எழுதப்படும். அப்போது ஒவ்வொரு பைட்டும் இரண்டாகி, முப்பது அறுபதாகும். சிக்கலின்மேல் சிக்கல் விழுந்தாற்போல் ஆகிவிடும். அவிழ்க்க முடியும், ஆனால் பின்னால் இட்ட முடிச்சை முதலில் அவிழ்த்துப் பின்னரே முன்னதை அவிழ்க்க வேண்டும்.

இதனினும் கொடிய நிலை ஒன்று உண்டு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பத்துக் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்பதே அது. தமிழுக்கு இடமே இல்லாத ஒரு குறியீட்டு முறையில் கோப்பைச் சேமித்ததால், குறியெண் ஒன்றுக்கு ஒரு கேள்விக்குறி வீதம் மாற்றி எழுதப்பட்டுவிட்டது. அருள்புரத்தின் பத்து எண்களும் போயின. எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்க இயலாது. மூலப்படி இருந்தால் அதனிடம் செல்லவேண்டும். இல்லையேல் ஊருக்கே சென்று பெயரைக் கேட்டு எழுதவேண்டும். இதற்கு மாறாக, பெயருக்குப் பதிலாக வெறும் சதுரப் பெட்டிகள் தோன்றினால், அக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பெரும்பாலும் காரணமாகும். அந்நிலையில் தரவுக்கு ஒரு குறையும் இல்லை. தேடலும் பழுதின்றி நடக்கும். மூன்றும் பார்வைக்குக் குப்பையே. ஆயினும் ஒன்று நலிவு, ஒன்று மரணம், ஒன்று வெறும் தோற்றம்.

இரண்டாவது விதம் இதற்கு நேர் எதிரானது. இதில் பெயர் கண்ணுக்கு மிகச் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. பாமினி போன்ற எழுத்துருவில் எழுதிய பட்டியல்களில் இது நேரும். அங்கே கோப்பில் இருப்பவை தமிழ் எழுத்தின் எண்களே அல்ல. ரோம எழுத்துகளின் எண்கள். அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துருவின் வேலை. போர்வையை நீக்கினால் ரோம எழுத்துகள் வெளிப்பட்டுவிடும். பாமினியில் மெய்யின் புள்ளிக்கு உரிய இடம் அரைப்புள்ளிக் குறியின் இடமாகும். அருள்புரம் என்பதில் ‘ள்’, ‘ம்’ என இரண்டு புள்ளிகள் உள்ளன. ஆகவே கோப்பில் இரண்டு அரைப்புள்ளிகள் இருக்கும். பட்டியலின் பத்திகளைப் பிரிப்பதற்கும் அரைப்புள்ளியையே பயன்படுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அத்தகைய பட்டியலாக அதனைத் திறந்தால் ஒரே ஊர் மூன்று துண்டாகிப் பக்கத்துப் பத்திகளில் சிதறிவிடும்.

இதற்குக் குறியீட்டு முறையின் பெயரை மட்டும் மாற்றுவது மருந்தாகாது. பழைய எண் ஒவ்வொன்றுக்கும் புதிய எண்ணைத் தரும் மாற்றுக் கருவியைக் கொண்டு முழுவதையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது வரிசையையும் கவனிக்கவேண்டும். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதின. ‘பொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பின்பு பகரம், அதன்பின் கால். யூனிகோடு ஒலியின் வரிசையைப் பின்பற்றுவது. முதலில் பகரம், பின்பே உயிர்க்குறி. இவ்வேறுபாட்டை அறியாத கருவி கொம்பை முந்தைய எழுத்தின் தலையில் ஏற்றிவிடும்.

மூன்றாவது விதம் மிக நுட்பமானது. இருபுறமும் யூனிகோடே, இரண்டும் ஒரே தோற்றமே, ஆயினும் எண்கள் வேறு. அருள்புரத்துக்கு அண்மையில் உள்ள பொங்கலூரை எடுத்துக்கொள்வோம். ‘பொ’ என்பதை இரண்டு வகையாக எழுத இயலும். பகரத்துக்கு 2986, ஒகரக் குறி முழுவதற்கும் 3018 என இரண்டு எண்களால் எழுதலாம். அல்லது பகரத்தின்பின் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 எனப் பிரித்து மூன்று எண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ‘பொ’ என்றே தோன்றும். எண்களை ஒப்பிடும் தேடலுக்கோ இவை இரு வேறு ஊர்கள். அவ்வட்டாரத்தின் ஆறாகிய நொய்யலும், கோயம்புத்தூரும், சோமனூரும் இவ்வலையில் அகப்படக்கூடிய பெயர்களே. அருள்புரத்தில் கொம்பும் காலும் இல்லாமையால் அது தப்பிற்று. ஒரு பட்டியலில் அருள்புரம் கிடைத்துப் பொங்கலூர் கிடைக்கவில்லையாயின், இக்காரணத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

இதற்கு யூனிகோடே ஒரு மருந்தை வகுத்துள்ளது. பிரித்தெழுதியவற்றைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் அச்செயலைச் சீராக்கம் என்று சொல்லலாம். வரைபடத்தின் பெயர்களையும் தேடுகின்ற சொல்லையும் ஒருசேரச் சீராக்கினால் பொங்கலூர் ஒன்றாகிவிடும். ஆனால் எல்லா நோய்க்கும் அம்மருந்து போதாது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகியவற்றின் முதலெழுத்தைக் கவனியுங்கள். 3000 என்னும் எண்ணுடைய ஸகரத்தில் தொடங்கியும் அதனை எழுதலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த, 2998 என்னும் எண்ணுடைய வேறொரு கிரந்த எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். வடிவம் ஒன்றாகத் தோன்றினும் சீராக்கம் இவற்றை ஒன்றென ஏற்பதில்லை. காலும் ரகரமும் தோற்றத்தால் நெருங்கியவை ஆதலின் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தட்டிவிடுவோர் உண்டு. தமிழ் எண் ஒன்றும் ககரமும் அவ்வாறே மயங்கும். இவற்றுக்கெல்லாம் எதனை எதற்கு ஈடாகக் கொள்வது என்று நாமே ஓர் அட்டவணை வகுத்துக்கொள்ள வேண்டும். பெயரின் இறுதியில் கண்ணுக்குப் புலப்படாமல் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் நீக்கவேண்டும்.

நான்காவது விதம் இடம் போதாமை. டி.பி.எஃப். கோப்பில் ஓர் எழுத்துப் பத்தி 254 பைட்டுகளுக்கு மேல் கொள்ளாது. ஆங்கிலத்தில் 254 எழுத்துகள் அமையும் அவ்விடத்தில் தமிழ்க் குறிகள் 84 மட்டுமே அமையும்; இரண்டு பைட்டு எஞ்சும். பத்தியை இன்னும் குறுகலாக, 20 பைட்டு அகலத்தில் அமைத்தவரின் கோப்பில் அருள்புரத்தின் முப்பதும் நுழையா. முதல் ஆறு குறிகளோடு, அதாவது ‘அருள்ப’ என்பதோடு பெயர் அறுபட்டுவிடும். அறுபட்ட பெயரை முழுப்பெயரால் தேடினால் எவ்வாறு கிடைக்கும்? இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பட்டியலில் நீண்ட பெயர்கள் மட்டும் தவறிக் குறும்பெயர்கள் கிடைக்குமானால் பத்தியின் அகலத்தைப் பாருங்கள்.

இந்நான்கிலும் சேராத ஒரு வகையையும் கூறவேண்டும். அது குறியீட்டுப் பிழையன்று, பெயரின் பன்மை. கோவை, கோயமுத்தூர், கோயம்புத்தூர் மூன்றும் ஓர் ஊரே. ரோம எழுத்திலோ வேறுபாடு இன்னும் மிகுதி. 2020 சூன் மாதத்தில் தமிழக அரசு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பை ஒட்டி மாற்றி வெளியிட்டது. எழுந்த மாறுபட்ட கருத்துகளால் சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. ஒரு பெயரைப் பல வகையாக எழுதும் வழக்கம் அத்துணை ஆழமானது. இதற்கு எண்களை ஆராய்ந்து பயனில்லை. மாற்றுப் பெயர்களையும் வரைபடத்தில் சேர்த்துவைப்பதே வழி. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, யாவரும் திருத்தக்கூடிய பொதுப்படமாக வளர்ந்துள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், ஓரிடத்துக்குத் தமிழ்ப் பெயர், இந்திப் பெயர், மாற்றுப் பெயர் எனத் தனித்தனியே எழுதிவைக்க இடம் தருகின்றது. ஒடியா மொழியில் தேடும் தொழிலாளிக்கும் அருள்புரம் அகப்பட வேண்டுமானால் அம்மொழிப் பெயரையும் ஒருவர் எழுதியிருக்க வேண்டும்.

இத்துணை நுட்பங்களை ஆராய்வதால் விளையும் பயன் யாது என்று மாணவர் வினவலாம். வழி தேடுபவனுக்கு ஊர் அகப்படாவிட்டால் அவன் அருகில் உள்ளவரைக் கேட்டுக்கொள்வான். கணக்கெடுப்பவனுக்கு அகப்படாவிட்டால் அவ்வூருக்காகக் கேட்பார் எவரும் இலர். திருப்பூர் வட்டாரத்தில் சாயக்கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது நாடறிந்த செய்தி. கழிவுநீரை வெளியேற்றாமல் முழுவதும் சுத்திகரிக்கவேண்டும் என்ற விதி நிறைவேறாமையால், 2011 சனவரியில் அவ்வட்டாரச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அருள்புரத்திலும் சாயக்கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. இத்தகைய நிலப்பகுதியில் ஒரு மாணவர் கிணற்று நீரை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். நீரின் உப்பளவு ஒரு பட்டியலில் இருக்கின்றது. ஊர்களின் எல்லை ஒரு வரைபடத்தில் இருக்கின்றது. ஊர்ப்பெயரைக் கொண்டே இரண்டையும் இணைக்கிறார். எந்த ஊரின் பெயர் பொருந்தவில்லையோ அவ்வூர் ஓசையின்றிக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். வரைபடத்தில் அதன் இடம் வெறுமையாக நிற்கும். பார்ப்பவர் அங்கே கேடு ஒன்றும் இல்லை போலும் என்று எண்ணிக்கொள்வர். கெட்ட நீரைக் குடிக்கும் ஊர் நல்ல நீருள்ள ஊராகத் தோன்றிவிடும். ஒரு கொம்பும் காலும் பிரிந்து நின்றதால் விளைந்த தீங்கு இது.

ஆதலால் இத்தகைய பணியில் இறங்குவோர் சில ஒழுங்குகளைப் பேண வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் வேறொரு படியில் பணியாற்றுக. முதலில் கண்ணால் பாருங்கள்: சாய்கோட்டு எழுத்தா, கேள்விக்குறியா, பெட்டியா, ரோம எழுத்தா என்று தெளியுங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடல் தோற்றால், பெயரின் குறியெண்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அருள்புரத்துக்குப் பத்து இருக்கவேண்டும் என்பதை அறிந்தவருக்குப் பதினொன்று என்னும் விடையே துப்பாகும். குறியீட்டு முறையை முதலில் சரிசெய்து, பின்பு சீராக்கி, அதன்பின் மயங்கும் எழுத்துகளை நோக்கி, இறுதியில் மாற்றுப் பெயர்களை ஆராயுங்கள். இவ்வரிசையை மாற்றினால் ஒரு பிழை மற்றொன்றை மறைத்துவிடும். இணைப்பதற்கு முன் ஊர்கள் எத்தனை, இணைத்தபின் எத்தனை என்று எண்ணி, விடுபட்டவற்றைத் தனிப்பட்டியலாக எழுதுங்கள். பிறருக்கு அனுப்பும்போது குறியீட்டு முறையின் பெயரையும் உடன் அனுப்புங்கள்.

தேடல் வெறுங்கையோடு திரும்பும்போது அது சொல்வது, கொடுத்த எண்வரிசை தன்னிடம் இல்லை என்பதே. ஊர் இல்லை என்பதன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவரே வரைபடத்தை நம்பத்தக்கதாக்க வல்லவர். ஊர்களை எண்ணுகின்ற பணி உங்கள் கைக்கு வரும்போது, விடுபட்ட பெயர் ஒன்று எஞ்சியிருக்கும் வரையில் கணக்கை முடித்துவிடாதீர்கள். அப்பெயருக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கின்றது. அவ்வூரில் மக்கள் இருக்கின்றனர்.